மிச்சிகனிலிருந்து வந்த வாக்குச்சீட்டு

பெப்ரவரியில் வரும் நீண்ட வார இறுதி எப்போதும் அக்காவுடையது. அந்தத் திங்கட்கிழமை, அமெரிக்க எல்லைக்கு வடக்கே இருக்கும் எங்களுக்குக் குடும்ப தினம். மிச்சிகனில் இருக்கும் அவளுக்கு ஜனாதிபதிகள் தினம். இரண்டு நாட்டுக்கும் ஒன்றாக விடுமுறை விழுவதால், அத்தானை வீட்டில் விட்டுவிட்டு, தனியே கார் ஓட்டிக்கொண்டு வின்ஸர் எல்லைப் பாலத்தால் வருவாள். அவள் வருகிறாள் என்றால் அப்பா காலையிலிருந்தே பல்கனிக்குப் போய்ப் போய் வருவார். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீடு ஏழாம் மாடி. மேலே இருந்து பார்த்தால் பனி மூடிய கார்கள் எல்லாம் ஒரே நிறம். எது உள்ளே வந்தாலும் "உது அவள்தான்" என்பார். பத்துத் தரம் சொன்னால் ஒருதரம் சரியாக இருக்கும்.

அந்த வருடம் அக்கா வந்து தேத்தண்ணி குடிக்க முதலே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கொரு வேலை கொண்டந்திருக்கிறன்."

சேலைகளுக்கு நடுவில், கசங்காமல் இருக்க ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, அவள் கொண்டுவந்திருந்தது வாக்குச்சீட்டு. முந்திய இலையுதிர்காலத்தில்தான் அவள் அமெரிக்கப் பிரஜையாகிச் சத்தியம் எடுத்திருந்தாள். இது அவளுடைய வாழ்க்கையின் முதலாவது வாக்கு. மிச்சிகனில் தபாலில் கேட்டால் சீட்டை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நிரப்பி, உறையில் இட்டு, கையொப்பம் வைத்து, ஊர் அலுவலகத்தின் பெட்டியில் போட்டால் போதும். பிரைமறி அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வைக்கத் தெரியும். அக்கா பத்தாம் வகுப்போடு நின்று தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தவள். நான் பதினாறு வயதில் இங்கே வந்து, ஆங்கில வகுப்பில் என்னைவிட மூன்று வயது குறைந்த பிள்ளைகளோடு இருந்து படித்து, பிறகு அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆங்கிலத்தில் எழுதிய எது வீட்டுக்கு வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். மோர்னிங்சைட்டில் இருக்கும் மாமாவின் வைத்தியசாலைக் கடிதம்கூட எனக்குத்தான் வரும். அக்கா போனில் படம் எடுத்து அனுப்புவாள். "உன்ரை கண்ணாலை ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்பாள். இந்தமுறை படம் எடுத்து அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நேரே காட்டத்தான் கொண்டுவந்திருந்தாள்.

அவள் எங்களோடு இருந்திருக்க வேண்டியவள். அப்பா ஆள் அனுப்பும் ஏஜென்சி பிடித்து முதலில் வந்து, பார்க்டேலில் ஒரு பேஸ்மென்ற் அறையில் நாலைந்து பேரோடு இருந்து, ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவித்தான் எங்களுக்கு ஸ்பொன்ஸர் செய்தார். பேப்பர் சரிவந்தபோது அக்காவுக்கு வயது கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் நானும் விமானம் ஏறினோம். அவளைக் கட்டிக்கொடுத்துத்தான் இந்தக் கண்டத்துக்குக் கொண்டுவர முடிந்தது. அதுவும் எல்லைக்கு மற்றப் பக்கம்.

அடுத்தநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தைத் துடைத்து, காயவைத்து, பேப்பர் விரித்து, அதன்மேல் சீட்டை வைத்தோம். மற்றப் பக்கத்தில் அப்பா சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கையை நீட்டிப்போடாதேங்கோ," என்றார் அம்மா. "அமெரிக்காவிலை மீன் மணக்கும்."

"ஜனாதிபதித் தேர்தல் நவம்பரிலையெல்லோ?" என்று அப்பா கேட்டார்.

நான் விளக்கினேன். நவம்பரில் நடப்பது இரண்டு கட்சிக்கும் இடையில். அதற்கு முதல் ஒவ்வொரு மாநிலமாக, ஒவ்வொரு கட்சியும் தன்னுடைய ஆள் யார் என்று சனத்திடம் கேட்கும். அதுதான் பிரைமறி. மிச்சிகனில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாக்குப் போடுபவர்தான் சொல்ல வேண்டும். அக்கா ஆளும் கட்சியின் சீட்டைக் கேட்டு எடுத்திருக்கிறாள்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கடை கோயில் நிர்வாகத் தெரிவு மாதிரி. முதல் தங்களுக்கை அடிபடுறது. பிறகு மற்றவையோடை அடிபடுறது."

"அதேதான் அப்பா."

"கோயிலிலை எண்டால் கடைசியிலை பொலிஸ் வரும். அங்கை?"

"அங்கையும் வரும்," என்றாள் அக்கா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பாவுக்குத் தன்னுடைய மகளுக்கு ஒரு நாட்டின் ஜனாதிபதியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுக் கடதாசி வந்திருக்கிறது என்பதில் பெருமை. இடதுகை விரலால் அவளுடைய பெயர் அச்சடித்த உறையைத் தொட்டுப் பார்த்தார்.

நான் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பதவியில் இருக்கும் ஜனாதிபதியின் பெயர் இருந்தது. அவரோடு போட்டி போடுகிறோம் என்று பெயருக்கு நிற்பவர்கள் சிலர்.

"கடைசியிலை ஒண்டு இருக்கெல்லோ," என்றாள் அக்கா. "அதை வாசி."

அன்கமிட்டெட். மேலே உள்ள ஒருவருக்கும் நான் கட்டுப்படவில்லை என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

"அந்த வட்டத்தைத்தான் நிரப்பப்போறன். பிழைவிடாமல் எப்பிடி நிரப்புறது எண்டு மட்டும் காட்டு."

"அதெண்டால் ஆர்?" என்று அப்பா கேட்டார்.

"ஒருத்தரும் இல்லையப்பா."

"ஒருத்தரும் இல்லாத ஆளுக்கு ஆரும் வோட் போடுவினமோ?"

அக்கா கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பக்கத்து மெஷினில் இருப்பவள் காஸாவிலிருந்து வந்த ஒரு பெண், அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவள். இருவருக்கும் உள்ள ஆங்கிலம் சேர்த்து ஒரு ஆளுக்குப் போதாது. ஆனால் வருடக்கணக்காக மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான். அக்காவின் கத்தரிக்காய்க் குழம்புக்கு அவள் அடிமை. அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய தங்கையின் குடும்பம் இருந்த வீட்டின்மேல் குண்டு விழுந்தது.

"அடுத்தநாளும் வேலைக்கு வந்தவ அப்பா," என்றாள் அக்கா. "வந்து தைக்கிறா. மத்தியானம் சாப்பாட்டைத் திறக்காமல் போனைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒவ்வொரு பேராப் பாக்கிறா. படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சு, மூலையிலை தெரியிற முகத்தையெல்லாம் பாக்கிறா. நான் என்னெண்டு பாத்துக்கொண்டிருப்பன்? நானும் அப்பிடித்தானே பாத்தனான்."

அவள் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. அம்மா அடுப்பை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

போர் முடிந்த வருடம் அண்ணா வன்னிக்குள் இருந்தான். கிளிநொச்சியில் ட்ராக்டர் சாமான் விற்கும் கடையில் வேலைக்குப் போனவன். போன கொஞ்ச நாளில் பாதையை மூடிவிட்டார்கள். பிறகு அவன் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வரவில்லை. முகாம்களின் படங்கள் இணையத்தில் வரத் தொடங்கியபோது அக்கா ஊரில் போனும் இணையமும் உள்ள ஒரு கொம்மியூனிக்கேஷன் கடையில் மணிக்கணக்காக இருந்து முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஆட்களைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் ஒரு ஸ்ரூலில் இருப்பேன். உடல் கிடைக்கவில்லை. இறந்த திதி தெரியாது. அதனால் திவசம் செய்வதில்லை. யாராவது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் அம்மா இன்னும் மூன்று என்றுதான் சொல்வார்.

"அவ என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை," என்று அக்கா தொடர்ந்தாள். "உந்தக் கடைசிக் கோட்டிலை போடச்சொல்லிக் கனபேர் வீடுவீடா வருகினம். அவவும் வேலை முடிய அவையோடை கதவு தட்டப் போறா. என்ரை கதவை மட்டும் தட்டேல்லை. நான் போடுவன் எண்டு அவவுக்குத் தெரியும்."

அப்பா தண்ணீரைக் குடித்தார். கை தட்டிலேயே இருந்தது.

"பிள்ளை, உது பகிஷ்கரிப்பு."

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

நான் இடையில் புகுந்தேன். இரண்டும் ஒன்றல்ல என்றேன். பகிஷ்கரிப்பு என்றால் வீட்டில் இருப்பது. இது போய்ச் சொல்வது. இந்த வட்டத்தை நிரப்பியவர்களையும் எண்ணுவார்கள், தொகை கூடினால் கட்சி திரும்பிப் பார்க்கும். அதோடு இது கட்சிக்குள் நடக்கும் தெரிவு. நவம்பரில் அவள் வேறு மாதிரிப் போடலாம். நான் சொன்னதெல்லாம் சரி. பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை.

"அண்டைக்கும் உப்பிடித்தான் விளக்கம் சொன்னவை," என்றார். "படிச்ச ஆக்கள்தான் சொன்னவை. ரெண்டு பேரிலை ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதானாம். போடாமல் விட்டால் உலகம் திரும்பிப் பாக்குமாம்."

அவர் சொன்னது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலங்கையில் நடந்த ஜனாதிபதித் தேர்தலை. அதில் வென்றவரின் காலத்தில்தான் சண்டை திரும்பத் தொடங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தமிழ்ச் சனம் வாக்களிக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லப்பட்டிருந்தது. யார் சொன்னது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அன்று கடைகள் பூட்டு. வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. அதன் வாசலில் பொலிஸ்காரர் கதிரையில் இருந்து கொட்டாவி விட்டதை நானும் மற்றச் சின்னப் பிள்ளைகளும் வேலியால் எட்டிப் பார்த்தோம். அன்று மத்தியானம் அண்ணா சாப்பிடவில்லை என்பதும் நினைவிருக்கிறது. ஏன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"அவனுக்கு அதுதான் முதல் வோட்," என்றார் அப்பா. "காட் வந்த நாளிலையிருந்து போடப்போறன் போடப்போறன் எண்டு நிண்டவன். காலமை ஷேர்ட்டும் போட்டு வெளிக்கிட்டிட்டான். நான் என்ன செய்தன்? ஐடென்றிக் காட்டை எடுத்து என்ரை பொக்கற்றிலை வைச்சிட்டன். காட் இல்லாமல் போட ஏலாதே."

"நான் பாத்தனான் அப்பா," என்றாள் அக்கா.

"ஒருத்தரும் போகேல்லை, நீ மட்டும் போனால் நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது எண்டு கேட்டன். அவன் ஒண்டும் கதைக்கேல்லை. பின்னேரம் சாவடி மூடினாப்பிறகு காட்டைத் திருப்பிக் குடுத்தன். வாங்கிக்கொண்டு, 'இனி உதை நீங்களே வைச்சிருங்கோ' எண்டான். பகிடியாச் சொன்னானோ கோவத்திலை சொன்னானோ, இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை."

அக்காதான் பேசினாள். அவளுடைய குரல் தணிந்திருந்தது.

"அண்ணான்ரை ஒரு வோட்டாலை ஒண்டும் மாறியிருக்காதப்பா."

"தெரியும். கொஞ்ச வித்தியாசத்திலைதானாம் மற்றவர் தோத்தவர். ஒவ்வொரு வீட்டிலையும் ஒரு தேப்பன் உப்பிடித்தான் நினைச்சிருப்பான், என்ரை பிள்ளையின்ரை ஒரு வோட்டாலை என்ன வரப்போகுது எண்டு." அவர் என்னைப் பார்த்தார். "நீ படிச்சனிதானே. அவர் வந்திருந்தால் சண்டை வந்திருக்காதோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் படிப்பை நான் படிக்கவில்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பதாகவும் தெரியவில்லை. "ஒருத்தருக்கும் தெரியாது அப்பா" என்றேன்.

"தெரியாதுதான். தெரியாமல்தான் நான் நித்திரை கொள்ளுறேல்லை."

கையைக் கழுவிவிட்டு வந்து, அக்காவுக்கு முன்னால் நின்று, ஒரு கடைக்காரரிடம் விலை கேட்பவர் போல மெதுவாகக் கேட்டார்.

"பேருள்ள ஒருத்தனுக்குப் போடு பிள்ளை. நல்லவனோ கூடாதவனோ, பேருள்ள ஒருத்தனுக்குப் போடு. வெறும் இடத்துக்குப் போட்டால், அந்த வெறும் இடத்திலை ஆர் வந்து இருப்பான் எண்டு எங்களுக்குத் தெரியும்."

"அந்தப் பேருக்குப் போட என்ரை கை போகாது அப்பா. செவ்வாய்க்கிழமை திரும்பி அவவுக்குப் பக்கத்திலை போய் இருக்கவேணும் நான்."

"எனக்கு இதைவிட்டால் வேறை ஒண்டும் கேக்கத் தெரியேல்லை."

"நீங்கள் அண்ணாவைப் போகவிடேல்லை. இப்ப எனக்கு எங்கை போடவேணும் எண்டு சொல்லுறியள்."

சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும். சீட்டைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, அறைக்குள் கொண்டுபோய்விட்டாள். பேனை மேசையில் கிடந்தது. அம்மா வந்து பேப்பரை மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நல்லபடியாக நடந்துகொண்டோம். நானும் அக்காவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லோறன்ஸ் தெருவில் உள்ள கடைகளுக்குப் போனோம். அக்கா மிச்சிகனில் கிடைக்காத ஒடியல்மாவும் கருவாடும் வாங்கினாள். அப்பா வீட்டில் நின்று, அவளுக்குப் பிடிக்குமென்று மாதுளம்பழம் உடைத்து முத்துகளை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். வாக்கைப் பற்றி ஒருவரும் எடுக்கவில்லை. நான் அவளைத் தனியே பிடித்து, வட்டத்தை எப்படி நிரப்புவது, கையொப்பத்தை எங்கே வைப்பது என்று காட்டினேன்.

"உனக்கு விருப்பமானதைச் செய் அக்கா. உன்ரை வோட்."

"ஓம்," என்றாள். "சின்னப்பிள்ளைக்கு விளங்கினது எனக்கு விளங்காதோ?" என்று என் தலையில் தட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் கீழே கார் வரைக்கும் அப்பாவும் வந்தார். முழங்கால் நோவோடு பனிக்குள் நடந்து வந்தார். அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"நான் ஏதும் பிழையாக் கதைச்சிருந்தால் மனசிலை வைச்சிருக்காதை."

"இல்லையப்பா. உள்ளுக்குப் போங்கோ, குளிர்."

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பாலத்தைத் தாண்டினால் அவள் அவளுடைய ஊரில், அவளுடைய சிநேகிதிக்குப் பக்கத்தில் இருப்பாள். நினைத்ததை நிரப்பிப் பெட்டியில் போடுவாள். அப்பாவுக்கு ஒன்றும் சொல்லமாட்டாள். அப்பாவும் கேட்கமாட்டார். எங்கள் குடும்பத்தில் கனக்க விஷயங்கள் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன். அப்பா காலையிலிருந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். மிச்சிகனைக் காட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட வாசலில் சனம் வரிசையில் நின்றது, முக்காடு போட்ட பெண்கள் கையில் துண்டுப்பிரசுரம் வைத்திருந்தார்கள். அப்பா தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். அக்காவின் சிநேகிதியை அவர் கண்டதில்லை. ஆனாலும் முகம் முகமாகப் பார்த்தார்.

பின்னேரம், அக்காவுக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து, போன் எடுத்துத் தரச்சொன்னார். அவருக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"பிள்ளை, போட்டிட்டியோ?"

அந்தப் பக்கம் பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"இல்லையப்பா."

"இன்னும் போடேல்லையோ? நேரம் இருக்குதோ?"

"நேரம் இருக்கு. எட்டு மணி மட்டும் திறந்திருக்கும். நான் போடேல்லை."

அப்பா போனை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது.

"ஏன்?"

"ஒவ்வொரு நாளும் எடுத்து மேசையிலை வைச்சனான். பேனையைக் கையிலை எடுத்தால் அண்ணா ஷேர்ட்டும் போட்டுக்கொண்டு நிக்கிறார். அந்தக் கோட்டிலை போட்டால் உங்களுக்கு நித்திரை வராது. மற்றதிலை போட்டால் அவவின்ரை முகத்தைப் பாக்க ஏலாது. கடைசியிலை நான் ஆருக்காகப் போடுறன் எண்டே எனக்குத் தெரியாமப் போச்சு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டும் இல்லை. அப்பிடியே இருக்கு. இண்டைக்கு மத்தியானம் அவ கேட்டவ, போட்டிட்டியோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அவ என்ரை கையைப் பிடிச்சுக் கொஞ்சினவ அப்பா. நான் கையை இழுக்காமல் நிண்டன்."

அக்கா அழவில்லை. பலசரக்குக் கடையில் நடந்த ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"இப்ப போ," என்றார் அப்பா. "நான் ஒண்டும் சொல்லன். அந்தக் கடைசிக் கோட்டிலையே போடு. உனக்கு எங்கை விருப்பமோ அங்கை போடு. போய்ப் போட்டிட்டு வா."

"ஏலாதப்பா."

"நான் உன்னைப் போடவேண்டாம் எண்டு சொல்லேல்லையே பிள்ளை."

"நீங்கள் சொல்லேல்லை," என்றாள் அக்கா. அதில் குற்றச்சாட்டு இல்லை. "அவர் வேலையாலை வாற நேரம். சோறு வைக்கவேணும். பிறகு எடுக்கிறன்."

போனை அவள் வைத்துவிட்டாள். அப்பா அதை என் கையில் தந்தார். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து குளிர் ஜாக்கெற்றை எடுத்துப் போட்டார். வாசலில் சப்பாத்து மாட்டுவதற்காக வைத்திருக்கும் சின்ன மரவாங்கில் இருந்தபடி, முழங்கால் மடங்காமல், ஒரு காலை நீட்டி, பூட்ஸை இழுத்து இழுத்துப் போட்டார்.

"எங்கையப்பா வெளிக்கிடுறியள்?" என்று அம்மா குசினியிலிருந்து வந்து கேட்டார்.

"மிச்சிகனுக்கு." என்னைப் பார்த்தார். "காரை எடு."

"எதுக்கு அப்பா?"

"அவளைக் கூட்டிக்கொண்டு போகவேணும். ஒருத்தர் கூடப் போனால் போடுவாள். தனியப் போகத்தான் அவளுக்கு ஏலாமல் இருக்கு."

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன். இது வேலை முடிந்து சனம் வீட்டுக்குப் போகும் நேரம், நெடுஞ்சாலை முழுக்கக் கார். ஒரு தடையும் இல்லாவிட்டாலும் வின்ஸருக்கு நாலு மணித்தியாலம். அதற்குப் பிறகு பாலம், எல்லை வரிசை. எட்டு மணிக்கு மூடும்போது நாங்கள் பாதிவழியில் வரும் எங்கள் மாகாணத்து லண்டனை விட்டுக் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம்.

"லண்டன் மட்டும் போவம்," என்றார்.

"அங்கை போய் என்னப்பா செய்யிறது?"

அவர் எழும்பவில்லை. கதவைப் பார்த்தபடி, ஜாக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வாங்கிலேயே இருந்தார். நான் அக்காவுக்கு எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. இன்னொருமுறை எடுத்தேன். பிறகு ஒரு செய்தி எழுதினேன்: அப்பா ஜாக்கெற் போட்டுக்கொண்டு வாசலில் இருக்கிறார். அனுப்பவா விடவா என்று யோசித்துவிட்டு, அழித்தேன். அவளிடம் இன்னும் எத்தனை பேரின் முகத்தைக் கொண்டுபோய் மேசைக்கு முன்னால் நிறுத்துவது.

அம்மா இரண்டுமுறை சாப்பிடக் கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடாமல், தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவருடைய கையில் கொடுத்தார். வீட்டுக்குள் வெப்பம். ஜாக்கெற்றுக்குள் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. துடைக்கவில்லை. கதவுக்கு வெளியே நடைவழியால் யாரோ லிப்ற்றுக்கு நடந்துபோகும் சத்தம் கேட்டபோதெல்லாம் தலையை நிமிர்த்தினார். நான் மடிக்கணினியை மூடிவிட்டு அவருக்கு எதிரே நிலத்தில் இருந்தேன். அண்ணாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

குசினியில் இருந்த மணிக்கூட்டை அவரால் அங்கிருந்து பார்க்க முடியும்.

"இப்ப மூடியிருப்பினம்," என்றார்.

"ஓம் அப்பா."

சிப்பை இறக்கினார். பிறகு காலை என் பக்கம் நீட்டினார். குனிய அவருக்கு ஏலாது. நான் பூட்ஸின் நாடாவைப் பிடித்தேன். நெடுந்தூரம் போகும் ஆள்போல முடிச்சை இரட்டையாகப் போட்டு இறுக்கியிருந்தார். அவிழ்க்கக் கனநேரம் எடுத்தது.